செபாஸ்தியம்மாளின் மீன் குழம்பு

மேட்டுப்பட்டியில் மலர்விழி வீட்டுக்கும் செபாஸ்தியம்மாள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொல்லைப்பக்கம் அது இடுப்பளவுதான். அதன் மேலாகக் கிண்ணங்கள் போவதும் வருவதுமாக இருக்கும். மலர்விழி நெய்க்காரப்பட்டிக்காரி. அவளுடைய அரிசிம்பருப்புச் சோற்றைச் செபாஸ்தியம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் நாத்தனார்கள் வரைக்கும் பரப்பிவிட்டாள். பதிலுக்கு அவளுடைய மீன் குழம்பு நெய்க்காரப்பட்டிக்குப் போய் மலர்விழியின் அண்ணி வீட்டில் கொதித்தது. யாராவது பக்குவம் கேட்டுவிட்டால் போதும், செபாஸ்தியம்மாளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

தொண்ணூற்றேழாம் வருஷ மழையில் அவள் காய்ச்சலில் விழுந்து எழுந்தாள். அதற்குப் பிறகு வந்த கிண்ணங்கள்தான் மலர்விழியைப் பாடாய்ப் படுத்தின. முதலில் எண்ணெய் காறிய முறுக்கு வந்தது. அப்புறம் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. ஒரு வாய் வைத்ததும் நாக்கில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியது. ஈரத்தில் கிடந்த சாக்கின் நாற்றம் மூக்குக்கு ஏறியது. ஓடிப்போய்ச் சாக்கடையில் துப்பினாள். மிச்சத்தைப் பூனைக்கு வைத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு, காலால் மண்ணைப் பறித்து அதை மூடப் பார்த்தது.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, நன்றாக இருந்தது என்றுதான் சொன்னாள். முகத்துக்கு நேரே வேறு எதைச் சொல்வது? உடனே செபாஸ்தியம்மாள் பக்குவத்தை ஆதியோடந்தமாக விவரிக்க ஆரம்பித்தாள். வாயில் ஊறும் எச்சிலை விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் மலர்விழி நின்று கேட்டாள்.

தை பிறந்ததும் செபாஸ்தியம்மாளின் மகளுக்குச் சாணார்பட்டியில் சம்பந்தம் கூடிவந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருவதாக ஏற்பாடு. மீன் குழம்பைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா கேள்விப்பட்டிருந்தாள். பக்குவம் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

அன்று காலை மகள் பூசைக்குப் போயிருந்தாள். செபாஸ்தியம்மாளின் கணவர் சேவியர் உறவுக்காரர்களை அழைக்கப் போயிருந்தார். வெங்காயம் உரித்துக் கொடுக்கலாம் என்று மலர்விழி அடுப்படிக்குள் காலை வைத்தாள். நாற்றம் அவளை வாசலிலேயே அறைந்தது.

முந்தின நாள் வாங்கிய ஜிலேபிக் கெண்டைகள் அலுமினியச் சட்டியில் கிடந்தன. செவுள் சாம்பல் பூத்திருந்தது. கண்கள் குழிந்து, தொட்ட இடமெல்லாம் சதை கூழாகியிருந்தது. அதில்தான் செபாஸ்தியம்மாள் மசாலாவைப் பிசறிக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவே வழவழப்பு நூலாக இழுபட்டது. ஈக்கள் கையோடு எழும்பிக் கையோடு உட்கார்ந்தன.

"வா மலரு. செத்த உப்புப் பாரு" என்று ஒரு விரலை அவள் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள்.

மலர்விழி துணி துவைக்கிற கல்வரைக்கும் ஓடினாள். குடித்த காப்பியெல்லாம் வெளியே வந்தது. பித்தமா என்று கேட்டபடி பின்னாலேயே வந்த செபாஸ்தியம்மாள் அதே கையால் முதுகைத் தடவ வந்தாள். மலர்விழி விலகிக்கொண்டாள்.

"பித்தமில்லீங்க அக்கா. மீன் அழுகிப் போச்சுங்க. நாறுது."

செபாஸ்தியம்மாள் உள்ளே போய், சட்டியில் முகத்தைக் கவிழ்த்து மூச்சை இழுத்தாள். பார்த்த மலர்விழிக்கு மறுபடியும் குமட்டியது.

"எனக்கு ஒன்னும் தெரியலயே. காய்ச்சலுக்கு அப்பறம் எந்த வாடையும் தெரியல. சொன்னா எவ என் கையால வாங்கித் திம்பா?" என்றவள், சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்ப அந்தத் தொக்கு?"

"துப்பிட்டேனுங்க அக்கா."

செபாஸ்தியம்மாளின் முகம் சுருங்கியது. வீட்டுக்காரர் கொஞ்ச நாளாக எதைப் போட்டாலும் தயிரை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டுப் பேசாமல் எழுந்து போவார் என்றாள். அவளே மண்வெட்டியை எடுத்து வாழைக்குப் பக்கத்தில் குழி தோண்டினாள். மலர்விழி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சட்டியைக் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போது ஒரு மீன் பிளந்து அவள் பாதத்தில் வழுக்கியது. சாகும்வரை அந்தக் குளிர்ச்சி மறக்காது என்று தோன்றியது.

மலர்விழியின் கணவன் முத்துக்கிருஷ்ணன் சைக்கிளில் போய்க் கோழிக்கறி வாங்கிவந்தான். அளவைச் செபாஸ்தியம்மாள் சொன்னாள். மலர்விழி வதக்கினாள்.

"இஞ்சி பச்ச வாட போச்சா பாரு."

பார்க்க வேண்டும் என்றால் மோந்துதானே பார்க்க வேண்டும்? அவளுக்கு இஞ்சியும் மீனாக நாறியது. பட்டையும் மீனாக நாறியது. கொல்லைக்குப் போய் நல்ல காற்றை இழுத்துவிட்டு வந்து வந்து சட்டிக்குமேல் குனிந்தாள்.

விருந்தாளிகள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மீனை மறந்து, விரலைச் சூப்பிக்கொண்டே கோழிக் குழம்புக்குப் பக்குவம் கேட்டாள். செபாஸ்தியம்மாள் பழையபடி கையை ஆட்டி ஆட்டி ஒன்று விடாமல் சொன்னாள். முடிக்கும்போது, "வாட மட்டும் நீங்களே பாத்துக்கங்க சம்பந்தி. எனக்கு மூக்கு போயிருச்சு. இன்னைக்கு இவதான் பாத்தா" என்றாள். சேவியர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சம்பந்தியம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேங்காயை எப்போது விட வேண்டும் என்றுதான் கேட்டாள்.

மலர்விழி அங்கே ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். எலுமிச்சைத் தோலால் நகக்கண்ணைத் தேய்த்தாள். அப்புறமும் விரலை மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் தோலை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.