ஏழாவது ஏரியின் ராணி

எங்கள் பக்கத்தில் ஏழு ஏரிகள். ஒவ்வொன்றுக்கும் பீற்றிக்கொள்ள ஒரு கதை உண்டு. முதல் ஏரிக்கரையில் சண்டைக்கு வந்த இரண்டு படைகள், மூடுபனியில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாமல் மூன்று நாள் சுற்றிவிட்டு தத்தம் வீட்டுக்குப் போய்விட்டன. தளபதியின் கடிதமே இருக்கிறது. மூன்றாவதில், சர்க்கஸிலிருந்து தப்பிய யானை நீந்தி அக்கரை சேர்ந்து, துரத்தியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டியது. அதற்குப் புகைப்படம் இருக்கிறது. எங்களுடையது ஏழாவது. இருப்பதிலேயே சின்னது, இருப்பதிலேயே அழகு. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் என் படகில் ஏற வேண்டாம்.

எங்கள் ஏரிக்கு ஒரு ராணி. நட்டநடுவில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சொல்வேன்: "ராஜாவோட சண்டை போட்டு, ராணி அரண்மனைச் சாவியை இங்கதான் வீசினாங்க. மூணு நாள் ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள போக முடியல. இந்த இடத்துல சத்தம் வந்தா ராணிக்கு இன்னமும் பிடிக்காது." அப்புறம் ஒன்பது நிமிடம் மௌனம். சரியான வாயாடிகள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆனால் விஷயம் எனக்குத் தெரியும். அப்பாவின் பழைய எஞ்சின் நடு ஏரியில் சூடேறி நின்றுவிடுமாம். ஆறுவதற்கு ஒன்பது நிமிடம். அதுவரை பயணிகளைச் சமாளிக்க அப்பா அள்ளிவிட்டவள்தான் ராணி. எனக்குப் பத்து வயதில் அவரே இதைக் காதோடு சொன்னார். ஊரே ஏமாந்தாலும் நான் ஏமாறாதவள் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு மிதப்பு. இப்போதுள்ள எஞ்சின் இருபது சுற்று போனாலும் சூடாகாது. இருந்தாலும் நிறுத்துகிறேன். பழக்கத்தை விட மனசு வரவில்லை.

போன மாதம் சுற்றுலா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏரிகளுக்குப் புது வரைபடம் போடுகிறார்களாம். கதைக்கு ஆதாரம் காட்டும் ஏரிக்குத்தான் வரைபடத்தில் இடம், படகுத்துறைக்கு அனுமதி. ஆதாரம் இல்லையென்றால் துறையை மூடிவிடுவார்கள். எங்கள் குடும்பத்துக்குப் படகைவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

அதிகாரி கோப்போடு வந்து சேர்ந்தார். கண்ணாடி போட்ட இளைஞர், சிரிக்கவே மாட்டேன் என்று சபதம் எடுத்தவர் போன்ற முகம். டிக்கெட் அறையில் உட்கார வைத்தேன். ஜன்னலோரம் அம்மா வழக்கம்போல் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஆணியில் ஒரு பழைய பூட்டு தொங்கும். கதவிலிருந்து கொண்டியோடு பெயர்த்தது, பூட்டியபடியே இருப்பது. ஏன் தொங்குகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் அம்மா ஏன் ஒரு தடவைகூடப் படகில் ஏறவில்லை என்றும் கேட்டதில்லை.

"ராணி பேர் என்ன?" என்றார் அதிகாரி.

"அது... பேரைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வழக்கம் சார்."

"எந்தக் காலம்?"

"ரொம்பப் பழைய காலம்."

"எதுல எழுதியிருக்கு?"

"செப்பேடு இருக்கு சார்," என்றேன். வாய் கூசவில்லை.

"எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்."

நான் மேசை இழுப்பறையைத் திறந்து தேடுவதுபோல் பாவனை செய்தேன். அதிகாரி கோப்பை மூடப் போனார். அப்போதுதான் அம்மா டிக்கெட் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"செப்பேடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வாங்க தம்பி, படகுல போய்ப் பேசுவோம்."

அவள் படகில் கால் வைத்ததைப் பார்த்து, எஞ்சினைக் கிளப்பவே மறந்துவிட்டேன். நடு ஏரியில் அணைத்தேன். அம்மா தண்ணீரைக் காட்டினாள்.

"சாவி இங்கதான் கிடக்கு. வீசினது நான்."

"நீங்களா?" என்றார் அதிகாரி.

"கல்யாணமான புதுசு. புதுப் படகுன்னு ஆசையா கூட்டிட்டு வந்தாரு. எஞ்சின் நின்னுபோச்சு. நான் ஏறின கனத்துல நின்னுச்சுன்னு சொன்னாரு. எனக்கு வந்த கோபத்துல இடுப்புல இருந்த வீட்டுச் சாவியை விட்டெறிஞ்சேன். கொல்லன் வெளியூர் போயிருந்தான். மூணு நாள் படகுக் கொட்டகையிலதான் இருந்தோம். அவன் வந்து கொண்டியைப் பெயர்த்தான். அந்தப் பூட்டு என் ஜன்னல்லதான் தொங்குது."

"நீ ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"என்னை ராணின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்காரு. அதை நான் ஏன் கெடுக்கணும்?"

கொட்டகையில் மூன்று நாள் என்றதும் என் பிறந்த தேதி ஞாபகம் வந்தது. அதிகாரி முன்னால் விரல்விட்டு எண்ணுவது நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டேன்.

கரைக்கு வந்ததும் அதிகாரி பூட்டை எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். கொண்டியில் ஒட்டியிருந்த மரச் சிம்பையும் விடவில்லை. "ராணிக்கு ஆதாரம் இல்ல," என்றார். "ஆனா சாவிக்கு இருக்கு. அது போதும்." பெயரைக் கேட்டு எழுதப் போனவரிடம் அம்மா சொன்னாள்: "பேரைச் சொல்லக் கூடாதுன்னு வழக்கம் தம்பி." அந்த மனுஷர் கடைசியில் சிரித்தேவிட்டார். படகுத்துறை பிழைத்தது.

நான் நேராகப் படகுக் கொட்டகைக்குப் போனேன். அப்பா எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாவியை வீசினது யாருன்னு அம்மா சொல்லிட்டா. பழைய எஞ்சின் தினமும் சூடாகும்னு எனக்குக் காது குத்தினீங்களே. அது எத்தனை தடவைப்பா நின்னுச்சு?"

அவர் நிமிரவில்லை. "ஒரே தடவைதான். அன்னைக்கு."

"அப்புறம் எதுக்குத் தினமும் ஒன்பது நிமிஷம்?"

அப்பா அம்மாவின் டிக்கெட் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாவியை வீசிட்டு உங்கம்மா ஒன்பது நிமிஷம் எங்கிட்ட பேசல. இனிமே பேசவே மாட்டாளோன்னு நான் பயந்தது அந்த ஒரு தடவைதான். அதை மறந்துடக் கூடாதுல்ல."

மறுநாள் காலை முதல் நடையில், நடு ஏரியில் எஞ்சினை அணைத்தேன். வாட்ச் பார்த்து ஒன்பது நிமிடம். நானும் பேசவில்லை.