முன்சக்கரம் பிடிக்கவில்லை

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனுக்கு மனைவியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சமையலறையிலிருந்து தூறலில் நனைந்தபடி வந்து தகரக் கொட்டகைக்குள் நின்றன. நின்றது அவனைப் பார்த்து அல்ல, ஜீப்பின் முகத்தைப் பார்த்து.

"கிழவா, சாப்பாடு ஆறுதுன்னு அவருகிட்ட சொல்லு."

கிழவன் என்பது ஜீப்தான். அவர்களுடைய கல்யாணத்தைவிட மூத்தது.

"கையெல்லாம் எண்ணெய், அப்புறம் வரேன்னு சொல்லு கிழவா," என்றான் அவனும் எஞ்சினிடம். பாதங்கள் கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரும்பிப் போயின.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்குள்ளும் பேச்சு நின்று ஒரு வாரமாகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது, பாவம், கிழவன்.

அவள் நர்ஸ். மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆள் கேட்டபோது, புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாரம் முழுக்க அங்கேதான் தங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. "அப்போ நான் எதுக்கு இருக்கேன், சுவத்துல மாட்டின காலண்டரா?" என்று இவன் கத்தினான். "இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கேனா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. நியாயத்தைக் கேட்டால் கோபம்தானே வரும்? "போனா போ, திரும்பி வராதே" என்று சொல்லிவிட்டான். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பிரயோஜனம், வார்த்தை வாசல் தாண்டிவிட்டது.

நாளைக் காலையில் கிழவனை ஓட்டிக்கொண்டு அவள் கிளம்புகிறாள். மலைப்பாதை வெறும் மண். மழை பெய்தால் குழைந்துவிடும். முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும். கிழவனுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் கொஞ்ச நாளாக அதற்கான கம்பியை எவ்வளவு இழுத்துப் போட்டாலும் முன்பக்கம் அசைந்து கொடுப்பதில்லை. "உன் முன்சக்கரம் வரலேன்னா போ, நான் பின்சக்கரத்தை நம்பியே ஏறிக்கிறேன்" என்று நேற்று அவள் கிழவனிடம் சொன்னது இவன் காதில் விழுந்தது. போன மழையில் கடைசி வளைவில் ஒரு வேன் சறுக்கிப் பள்ளத்தில் கிடந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். சரிசெய்து கொடுத்தால் தன் கையாலேயே அவளை அனுப்பிவைத்த மாதிரி. செய்யாமல் விட்டால், ஐயோ, அந்தப் பள்ளம்!

அவன் தொழில் தையல் மெஷின் ரிப்பேர். ஜீப்பையும் கொஞ்சம் பெரிய தையல் மெஷினாகத்தான் பார்த்தான். எங்கேயோ ஒரு பல் இன்னொரு பல்லைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே! ஆனால் எங்கே என்றுதான் தெரியவில்லை.

தகரத்தில் தூறல் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. முகத்துக்கு நேர் மேலே, இரும்புத் தண்டின் அடியில், ஒரு எண்ணெய்த் துளி திரண்டு விழாமல் நின்றது. அதற்குள் கொட்டகை வாசல் தலைகீழாகத் தெரிந்தது, வாசலுக்கு அப்பால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மலை. கண் தானாகச் சொக்கியது. மலைப்பாதை நூலாக நெளிந்து மேலே போகிறது. நூலின் ஒரு நுனி ஜீப்பில், நூல்கண்டு அவன் கையில். ஜீப் ஏற ஏற நூல் விரல்களுக்கு நடுவே ஓடுகிறது, தீரவே மாட்டேன் என்கிறது. எங்கோ மேகத்துக்குள் வண்டி மறைந்த பிறகும் நூல் மட்டும் வலிக்காமல் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. துளி சொட்டென்று நெற்றியில் விழ, அவன் விழித்துக்கொண்டான்.

கோளாறு கடைசியில் வலது முன்சக்கரத்தில் இருந்தது. அதன் நடுவிலுள்ள பூட்டுத்திருகு வெளியே என்னமோ ஒழுங்காகத்தான் திரும்பியது. ஆனால் உள்ளே சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் பல்வளையம், பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து, நகராமல் ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டுப் பூட்டினான். டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, கட்டைகளில் நிறுத்தினான். கியரைப் போட்டு, கம்பியையும் இழுத்துவிட்டான். எல்லாம் சரி என்றால், ஒரு முன்சக்கரத்தை முன்னால் சுற்றும்போது மற்றது பின்னால் சுற்ற வேண்டும். ஒருவனே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான்.

"கிழவா, இதுக்கு ரெண்டு பேர் வேணும்," என்றான் உரக்க.

வாசலிலேயே நின்றிருந்தாள் போலிருக்கிறது. உடனே வந்து அந்தப் பக்கம் குந்தினாள். இந்தப் பக்கம் அவன். நடுவில் ஜீப், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

அவள் சுற்றினாள். அவன் உள்ளங்கைக்கு அடியில் டயர் உயிர் வந்தாற்போல அசைந்தது. பிடித்துவிட்டது! சந்தோஷத்தில் கத்த வேண்டியவன், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, டயரை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். இரும்பு வழியாக அவளுடைய பலம் வந்து அவன் கையில் முட்டியது. விட்டது. மறுபடி முட்டியது.

"நகர மாட்டேங்குதே கிழவா. இன்னும் சரியாகலையா?"

அவன் பிடியை விடவில்லை. அந்தப் பக்கம் அவள் தள்ளுவதை நிறுத்தினாள்.

"பிடிச்சிருக்கா?" என்றாள். கிழவா என்று சொல்லவில்லை.

பல வருஷத்துக்கு முன்னால், அவள் தங்கியிருந்த நர்ஸ் விடுதிக்குத் தையல் மெஷின் பார்க்கப் போனவன் இதே கேள்வியைக் கேட்டான், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று. "முதல்ல மெஷின் ஓடட்டும், சொல்றேன்" என்றாள் அவள். அன்றைக்கு அந்த மெஷின் ஓடிய மாதிரி எந்த மெஷினும் ஓடியதில்லை.

"பிடிச்சிருக்கு," என்றான். "அன்னைக்கு நான் சொன்னது..."

"விடுங்க."

பேச்சையா, சக்கரத்தையா என்று அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினான். அந்தப் பக்கம் அவள் மெல்ல முன்னால் தள்ள, இந்தப் பக்கம் சக்கரம் அவனை நோக்கிச் சுழன்று வந்தது. டயரில் காய்ந்திருந்த மண் அவன் மடியில் உதிர்ந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.