தீப்பெட்டி வைக்காத பீடி

குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்த அண்ணன் பழனிமுத்துவின் சட்டைப் பையில் கந்தவேல் ஒரு பீடிக்கட்டைச் செருகினான். மூலையில் சுருண்டு கிடந்த வீரம்மாள் எழுந்து வந்து, புருஷன் பையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

“மதினி, போறவருக்குப் பிடிச்சதை வச்சு அனுப்புறதுதான நம்ம வழக்கம்?”

“உங்க அண்ணன் பீடியை விட்டாச்சு.”

“செத்தவருக்கு இனிமே நெஞ்சுவலியா வரப்போகுது?”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வீரம்மாளுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? போன வருஷம் அவர் மாரடைப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இருதய வார்டு நர்ஸ் தாரணி கட்டிலருகே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தந்தாள். பீடியை விட்டாச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிருங்க. ஆசை வந்தா பத்து நிமிஷம் பொறுத்து, மெதுவா தண்ணி குடிங்க, அடங்கிரும்.

வீரம்மாள் சும்மா சொல்வாளா? கிளாவரை ஊர்க் கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடுங்கியே அறிவித்துவிட்டாள். அதன்பிறகு டீக்கடைக்காரரிலிருந்து ஜீப் டிரைவர்வரை பழனிமுத்துவை நிறுத்தி வாயை ஊதச் சொன்னார்கள். பூண்டுக் காட்டிலிருந்து திரும்பினால் இவள் சட்டையை மோந்துவிட்டுத்தான் சோறு போட்டாள். பாவம், மனுஷன் தண்ணீராகக் குடித்துக் குடித்தே ஒருவழியாக விட்டுத் தொலைத்தார்.

இன்று வெள்ளனே எழுந்து உட்கார்ந்து, “வீரம்மா, ஒரே ஒரு இழுப்பு. யாருக்கும் சொல்லாத” என்றார்.

“பத்து நிமிஷம் பொறுங்க” என்று தண்ணீர் எடுக்கப் போனாள்.

“நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?” என்று பின்னாலிருந்து திட்டினார். செம்போடு திரும்பியபோது உயிர் இல்லை.

கடைசியாகக் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. இப்போது கொடுத்தாலோ அவர் பட்ட பாடெல்லாம் வீண். இரண்டையும் நினைத்து அழுகை பொங்கியது.

கட்டைப் பிரித்து ஒரே ஒரு பீடியை உருவினாள். அதை அவர் பையில் வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

“இது போதும். தீப்பெட்டி மட்டும் வைக்கப்பிடாது. பையில வச்சுக்கிட்டே பத்த வைக்காம இருந்தாத்தான் ஆம்பளை.”

கந்தவேல் பாடைக்குத் தோள் கொடுத்தான். பாடை கிளம்பியது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. வீரம்மாள் வாசலிலேயே நின்றாள். எதிர்ச்சரிவுச் சுடுகாட்டில் புகை கிளம்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

“அடப்பாவி மனுஷா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

மகள் பாண்டிச்செல்வி பதறி ஓடிவந்தாள். “என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லடி. இன்னைக்கு மட்டும் இழுத்துட்டுப் போகட்டும்.”

புகை கலைகிறவரை அவள் உள்ளே வரவில்லை.