அக்காவின் கையெழுத்து

"காபி ஆறிடும் அக்கா, குடி" என்று சொல்லிக்கொண்டே வுகோத்தா கோப்பையை நகர்த்தி, அது இருந்த இடத்தில் பேனாவை வைத்தான்.

தாரின்கா பேனாவைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் தான் குடியிருக்கும் நிக்ஷிச்சில் பஸ் ஏறி மலையிறங்கி வந்தவளுக்கு, வாசலில் ஆட்டுக்கறி வேகும் வாசனை அடித்தபோதே சந்தேகம் தட்டியது. அவளுக்காக இந்த வீட்டில் ஆடு அறுத்து எத்தனையோ வருஷமாகிறது. எலி அம்மணமாக ஓடினால் காரணமில்லாமல் ஓடாது.

"போன தடவையும் இப்படித்தான்டா" என்றாள். "அப்பா செத்த நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சு வந்து உக்காந்தேன். காபி குடுத்த. அப்புறம் பேனா குடுத்த."

"பழசெல்லாம் எதுக்கு இப்ப?"

"பழசா? அந்தக் கோட்டைத்தானே இன்னிக்கும் போட்டுட்டு வந்திருக்கேன்."

ஆணியில் தொங்கிய கறுப்புக் கம்பளிக் கோட்டைத் தம்பியும் அவன் மனைவியும் மகளும் ஒரு முறை பார்த்தார்கள். அப்பாவின் வீட்டிலும் நிலத்திலும் தனக்கிருந்த பாதியை, "தம்பிக்கே விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்ததற்காக அவளுக்குக் கிடைத்த கோட்டு அது. தேவாலய வாசலில் பெண்கள் அதன் துணியைத் தடவிப் பார்த்து, "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று மெச்சிக்கொண்டார்கள்.

எங்கள் கடற்கரையில் இதுதான் வழக்கம். சட்டம் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமபங்கு என்கிறது. சட்டம் தலைநகரத்தில் இருக்கிறது, நாங்கள் இங்கே இருக்கிறோம். யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை, கேட்டுத்தான் வாங்குகிறோம். கேட்கும்போது சுற்றிலும் குலத்து ஆண்கள் பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். தாரின்காவின் அப்பாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஒரு பையன், மன்னிக்கணும், ஒரு பொண்ணு" என்பார். அந்த மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்களில் பல பேருக்கு இன்னும் போகவில்லை.

இந்தப் பேனா எதற்கு என்ற சங்கதிக்கு வருகிறேன். அக்காவின் பாதியும் கைக்கு வந்த பிறகு வுகோத்தா வங்கியில் கடன் வாங்கி அப்பாவின் ஓட்டு வீட்டின் மேல் மாடி எழுப்பினான். கோடையில் கடலாட வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டான். கீழ்த்தளமும் முதல் மாடியும் தங்கள் கடனைத் தாங்களே அடைத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. விரலுக்கேற்ற வீக்கமாக அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மகன் தனிலோவுக்குக் கல்யாணமாகி மருமகள் வரும்போது தனி மாடி இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும்? பளிங்குப் படிக்கட்டோடு இன்னொரு மாடி எழுந்தது. அதற்கு வாங்கிய கடனைக் கட்ட வேறொரு கடன். அடுத்த வீட்டுக்காரனும் அவனுக்கு அடுத்தவனும் அதையே செய்ததில், தெருவெல்லாம் அறைகளாகி வாடகை பாதியாக விழுந்தது. தனிலோ ஜெர்மனியில் வேலை தேடிப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணோடு குடியேறிவிட்டான். அவன் மாடியின் உச்சியிலிருந்து அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த இரும்புக் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

மூன்று தளத்துக்குச் சொந்தக்காரனான வுகோத்தாவின் குடும்பம் குடியிருந்தது கார் ஷெட்டில். கோடையில் ஒவ்வொரு கட்டிலும் காசு என்பதால் எல்லோரும் ஷெட்டுக்கு இறங்கிவிடுவது எங்கள் ஊரில் சகஜம். ஆனால் இவர்கள் நவம்பர் மாத மழையிலும் மேலே ஏறவில்லை. மேலே ஏறினால் விளக்குப் போட வேண்டும், கணப்புப் போட வேண்டும். அந்த ஷெட்டில்தான், துவைத்துக் காயாத படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, இந்தக் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஜாமீன் கையெழுத்துதான் அக்கா" என்றான் வுகோத்தா. "வீடு வாசல் உள்ள ஒருத்தர் போட்டா, தவணையைத் தள்ளி வைக்கறேங்கறான் பேங்க்ல. இல்லேன்னா வசந்தத்துல ஏலம்."

"குலத்துல அத்தனை ஆம்பளைங்க இருக்காங்களே?"

"எல்லாரையும் கேட்டாச்சு. ஒருத்தனுக்கு முட்டிவலி, ஒருத்தன் வீடு ஏற்கெனவே அடமானத்துல. ஜூரோவைக் கேட்டேன், என் பையனுக்கு ஞானத்தகப்பன்தானே. அவன் என் கையைப் புடிச்சு அழுதுட்டுப் போய்ட்டான்." "நீதான் இருக்க. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க."

"சொத்து எழுதும்போது அந்தச் சதை எங்கடா போச்சு? அப்ப நான் இன்னொருத்தன் வீட்டுக்குப் போனவ. கடனுக்கு மட்டும் ஒரே ரத்தமா?"

வுகோத்தாவின் மனைவி பொசில்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளும் தன் அண்ணன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்தான். அவளுக்குக் கோட்டுகூடக் கிடைக்கவில்லை.

தாரின்கா கல்நெஞ்சக்காரி இல்லை. இரும்பாலைக் கேன்டீனில் காலமெல்லாம் குழம்புக் குண்டான் தூக்கியவள். புருஷன் செத்துப்போனான், பிள்ளையில்லை. ஆலை கொடுத்த இரண்டு அறை வீடு ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த கூரை. எதற்கெடுத்தாலும் "என் தம்பி மேல சத்தியம்" என்றுதான் சொல்வாள். எங்கள் பெண்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. தம்பியின் சவரம் செய்யாத முகத்தையும், அழுக்குப் பிடித்த சட்டைக் கழுத்தையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது.

"ஜாமீன் போடமாட்டேன்" என்றாள் கடைசியில். "நீ கட்டலேன்னா ரெண்டு வீடும் போகும். அப்புறம் எல்லாருமா சேர்ந்து எந்த ஷெட்டுல படுக்கிறது? அதுக்குப் பதிலா ஒண்ணு சொல்றேன், கேளு. என் வீட்டை வித்துடறேன். பணத்தைப் பேங்க்ல கட்டு, ஏலம் நின்னுடும். மீதியைக் கோடை வாடகையில கட்டிக்கலாம். நான் இங்கேயே வந்துடறேன். கீழ்த்தளத்தை மட்டும் என் பேர்ல எழுதிடு."

"எழுதறதா?"

"ஆமா. அப்பா கட்டின தளம் அது. எனக்கப்புறம் நெவேனாவுக்குப் போகட்டும்."

கதவோரம் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த நெவேனா நிமிர்ந்தாள். வுகோத்தாவின் மகள், சின்ன வயதிலிருந்து கோடை வெயிலில் பஸ் நிறுத்தத்தில் 'அறை காலி' அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இந்த வீட்டில் ஏதோ ஒன்று தன் பேருக்கு வரலாம் என்று அவள் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, சரின்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

"நீ வேலையைப் பாரு. நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவளுக்கு இங்க என்ன பேச்சு?"

"அண்ணி சொல்றதுல என்னங்க தப்பு?" என்றாள் பொசில்கா, அடுப்பைப் பார்த்தபடியே. "தனிலோவை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

போன் போட்டார்கள். "எனக்கு எந்த மாடியும் வேணாம்பா" என்றான் மகன், பின்னால் எந்திரச் சத்தத்தோடு. "நான் கேட்டேனா? அத்தை பேர்ல முழு வீட்டையும் வேணாலும் எழுதுங்க. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

வுகோத்தா போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். "சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்?" என்றான். சின்னப் பையனுக்கு முப்பது தாண்டியிருந்தது.

"உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லு" என்றாள் தாரின்கா.

"ஊர்ல தலை காட்ட முடியாது அக்கா. வுகோத்தா அப்பன் வீட்டை அக்காகாரிக்கு வித்தான்னு சொல்வாங்க. தம்பி கஷ்டத்துல கிடக்கும்போது புடுங்கிக்கிட்டாள்னு உன்னையும் சொல்வாங்க. நம்ம குலத்துல எவனாவது பொம்பளைக்கு வீடு எழுதியிருக்கானா?"

"பேங்க்காரன் எடுத்துட்டுப் போனா?"

ஆறிப்போன காபியை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "பேங்க் எடுத்தா அது விதி. யாருக்கும் வரும். அக்கா எடுத்தா அது அவமானம்."

கொடுமை என்னவென்றால் அவன் மனதாரச் சொன்னான். சூது இல்லை, பேராசை இல்லை. தன்னையும் பெண்டாட்டியையும் மகளையும் தெருவில் நிறுத்துகிற ஒரு வார்த்தையை, வேதவாக்கை ஒப்பிப்பது போல அடக்கமாகச் சொன்னான்.

தாரின்கா பேனாவை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். கறியில் கை வைக்கவில்லை. கோட்டை எடுத்து மடித்து நெவேனாவின் கையில் கொடுத்தாள். "இந்த ஷெட்டுல குளிருதுடி. போத்திக்க" என்றாள். மழையில் வெறும் கம்பளிச் சட்டையோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வசந்தத்தில் ஏலம் நடந்தது. செக் நாட்டுக்காரர் ஒருவர், பல் டாக்டர், வாங்கினார். சாவுக்கு வருவது போல ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும்டா" என்று ஜூரோ ராக்கியா சாராயத்தை ஊற்றினான். "போனது சுவருதான். உன் மானம் போகலை. அந்தக் கல்நெஞ்சக்காரி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இந்த கதி உனக்கு வருமா?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். முட்டிவலிக்காரனும் ஆமாம் என்றான். நெவேனா மறுநாளே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிக்ஷிச்சுக்கு, அத்தையிடம், பஸ் ஏறிவிட்டாள்.

புது முதலாளி நல்ல மனிதர். ஷெட்டிலேயே தங்கி, அறைகளைப் பார்த்துக்கொண்டால் சம்பளம் தருகிறேன் என்றார். பொசில்கா அதே விரிப்புகளை அதே கொடியில் காயப்போட்டாள். வுகோத்தா வருகிறவர்களின் பேரை எழுதிக்கொண்டு சாவி கொடுத்தான். வீட்டைத் தன் மகள் பேரில் எழுதி வைத்திருப்பதாகப் பல் டாக்டர் ஊருக்கு வைத்த விருந்தில் சொன்னபோது, ஜூரோ எழுந்து நின்று, "பொண்ணு நல்லா இருக்கட்டும்!" என்று கோப்பையை உயர்த்தினான். ஊரில் ஒருத்தனுக்கும் அது அவமானமாகப் படவில்லை.

ஜூன் மாதம், அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு முதல் நாள், தாரின்கா ஒரு சின்னப் பையோடு வாசலில் வந்து நின்றாள். வுகோத்தா கூச்சத்தோடு எழுந்தான். நரை கூடியிருந்தது.

"உள்ள வா அக்கா. ஷெட்டுல பொசில்கா இருக்கா. கட்டில் போடச் சொல்றேன்."

"ஷெட்டுக்கு வரலைடா. அறை இருக்கா?"

"என்ன அறை?"

"கீழ்த்தளத்துல, அத்திமரம் பாத்த அறை. நான் பொறந்த அறை. ரெண்டு ராத்திரிக்கு."

அவன் பலகையில் தொங்கிய சாவிகளைத் திரும்பிப் பார்த்தான். "காலியாத்தான் இருக்கு. நீ போய்ப் படு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வாடகை எவ்வளவு?"

"அக்கா..."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் பையைத் திறந்து நோட்டுகளை மேசையில் வைத்தாள்.

"உன்கிட்ட நான் எப்படி வாங்குவேன்?" என்றான். கண் கலங்கிவிட்டது. "ஊரு காறித் துப்பும்."

"வாங்குடா. கொடுக்காமப் படுத்தா மறுபடியும் உன் தயவுல படுத்த மாதிரி ஆயிடும்."

ஷெட் வாசலில் பொசில்கா ஈர விரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். அதைக் கொடியில் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வுகோத்தா பதிவேட்டை விரித்து, வழக்கம்போல எல்லோருக்கும் எழுதுவதை எழுதினான்: பேர், ஊர், விருந்தாளி. பிறகு பலகையிலிருந்து சாவியை எடுத்தான். அவள் கையில் கொடுக்காமல் அதை மேசையில் வைத்தான். அவளே எடுத்துக்கொண்டாள்.

சாவியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா வீட்டுச் சாவியை இன்னிக்குத்தான்டா முதல் தடவையா என் கையால தொடறேன்" என்றாள். "அதுக்கு இந்த வீடு அந்நியன் வீடாக வேண்டியிருந்துது, பாத்தியா."

அவள் பையை எடுத்துக்கொண்டு அத்திமரத்தைச் சுற்றிப் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.