பன்னிரண்டில் ஒருவர்

அப்பாவின் வலது காலில் புண் என்று பாத்திமா மேரிக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய வியாழனுக்காக அரியலூரிலிருந்து பஸ் ஏறி வரதராசன்பேட்டை வந்த அந்த டீச்சர் மகளுக்கு, வாசலிலேயே நாற்றம் சொல்லிவிட்டது. அம்மா செபஸ்தியம்மாளைக் கேட்டால், "முந்திரிக்காட்டுல கட்டை குத்துனது, ஆறிப்போச்சுடி" என்று வாய் கூசாமல் பொய். புருசன் சொல்லிக்கொடுத்த பொய்.

அப்பா பிலவேந்திரனுக்குச் சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரி என்றாலே வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொள்வார். "கால எடுத்துருவானுங்க. போ, ஒன் சோலியப் பாரு." அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. மகன் மிக்கேல் தன் பங்கு முந்திரியை வெட்டிவிட்டுச் சவுக்கு வைத்தான் என்பதற்காக, அடுத்த வீட்டிலேயே இருக்கிற அவனோடு வருசக்கணக்காகப் பேச்சில்லை.

அன்று சாயங்காலம் கோயிலில் சாமியார், இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, பன்னிரண்டு ஆண்களுக்குப் பாதம் கழுவுவார். கல்யாணமான வருசத்திலிருந்து அந்தப் பன்னிரண்டில் பிலவேந்திரனும் ஒருவர். சாமியார் தொடுகிற காலில் அழுக்கு இருக்கலாமா? ஆளாளுக்கு வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்ட ஊர்!

மத்தியானம் கொல்லையில் செம்பு உருண்ட சத்தம் கேட்டுப் பாத்திமா ஓடினாள். அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, குனிய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்ந்து கிடந்தது. ஒரு விரல் கறுத்திருந்தது. அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"போடி உள்ள!"

அவள் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரை மெல்ல ஊற்றினாள். அவர் இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. அவளும் அவர் மகள்தானே.

"சாமியாரு பாத்தா என்னா நெனைப்பாரு?" என்றார் மெதுவாக.

"அத விடுங்கப்பா. அடுத்த வருசம் அவரு முன்னாடி நீட்டக் காலு வேணாமா?"

அவர் கண் கலங்கியதை மறைக்க வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம்தான் மிக்கேல் வீடு.

"அரியலூர் பஸ் எப்ப?"

"இப்பக் கெளம்புனா புடிச்சிரலாம்ப்பா."

அவள் புதுத் துணி கிழித்துக் கட்டினாள். அவள் தோளைப் பிடித்து எழுந்தவர், நடக்காமல் நின்றார்.

"மிக்கேலப் போயி என் எடத்துல உக்காரச் சொல்லு. இந்த வருசம் மட்டுந்தான்" என்றார், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. "கால நல்லாக் கழுவிட்டுப் போவச் சொல்லு."