முதல் வருடத்துச் சுண்டுவிரல்

"அண்ணி, இங்க வா! என் விரலைப் பிழைன்னு எழுதி வச்சிருக்காங்க!"

கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்திருந்த என் நாத்தனாரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. நாணயச்சாலையில் பழங்காசுக் கண்காட்சி என்று அவள்தான் என்னை இழுத்து வந்திருந்தாள்.

செல்லாமல் போய் இருபது வருடமான அலுமினியக் காசு அது. ஊதினால் பறக்கும். பைக்குள் தடவியே கண்டுபிடிக்கட்டும் என்று ஓரத்தை அலை அலையாக வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மதிப்பு, மறுபக்கம் சின்னச் செடியை ஏந்திய ஒரு கை.

அந்தக் கை இவளுடையது. முத்திரை விழாத வெறும் வில்லைகளில் கீறல் பட்டவற்றைப் பொறுக்கித் தள்ளும் வேலை பார்த்தாள், இதே கட்டடத்தில். அச்சு செதுக்குபவர் அவள் கையைத்தான் பார்த்து வரைந்தார்.

பெட்டியில் இரண்டு காசுகள். முதல் வருடத்துக் காசில் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அடியில் 'பிழையான வடிவம்' என்று அட்டை. அடுத்த வருடத்தில் விரல் குச்சி மாதிரி நேராக. 'சரியான வடிவம்.'

"மெதுவா பேசு, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! இந்த விரல் எப்படிக் கோணிச்சு? இவங்க இயந்திரத்துக் கதவுல நசுங்கி! அச்சு செதுக்கினவர் என்ன சொன்னார் தெரியுமா? 'நேரான விரல் பொம்மைக்கு இருக்கட்டும்மா, உழைக்கிற கை இப்படித்தான் இருக்கும்'னார். மனுஷன் ஓய்வு பெற்றுப் போனதும் நிமிர்த்திட்டாங்க. நாய் வாலைக்கூட நிமிர்த்த முடியாதவங்க, என் விரலை நிமிர்த்தினாங்களாம்!"

கண்காட்சிப் பொறுப்பாளர் ஓடி வந்தார். "என்னம்மா சத்தம்? ஆவணத்துல இருக்கறதைத்தான் எழுதியிருக்கோம். உங்க கைதான்னு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"எழுத்து எதுக்கு? அசலையே கொண்டு வந்திருக்கேன்."

"அட்டையை மாத்தணும்னா மேல எழுதிக் கேக்கணும்மா. ஆறு மாசம் ஆகும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான்."

பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க, வாங்க! பிழையைப் பாருங்க, கட்டணம் இல்லை!"

மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்தார். "அட, அதே வளைவு!"

"கட்டைவிரல் நகத்துல பிளவு இருக்கு பாருங்க, அதுகூட அப்படியே!" என்றாள் அவர் மனைவி.

வரிசை கூடிவிட்டது. "ஏன் சார், இவங்க கையையா பிழைன்னு போட்டிருக்கீங்க?" என்று யாரோ கேட்க, பொறுப்பாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தானும் லென்ஸில் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். மறுபடி லென்ஸில்.

"இவ்வளவு கிட்டத்துல நான் பார்த்ததே இல்லைம்மா" என்றார், சின்னக் குரலில். சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். "இப்போதைக்கு அந்த அட்டையை எடுத்துடறேன். போதுமா?"

"போதாது."

அவர் தடுப்பதற்குள் அவள் கை உள்ளே போய்விட்டது. ஆயிரமாயிரம் வில்லைகளைப் பொறுக்கிய கையல்லவா! இரண்டு அட்டைகளும் இடம் மாறின. நேரான விரலுக்கு அடியில் 'பிழையான வடிவம்.'

பொறுப்பாளர் வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. பெட்டியைப் பூட்டினார்.

"இப்ப மேல எழுதிக் கேளுங்க. ஆறு மாசம் இப்படியே இருக்கட்டும்" என்றாள் என் நாத்தனார்.