சாவிக்கடை அம்மாவின் குடை

"அக்கா, திமிங்கிலத்தோட முதுகெலும்பு நம்ம வீட்டுக்குள்ள அடங்குமா?"

தங்கை முதல் வகுப்பில் இருந்தபோது கேட்டது. "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று அக்காக்காரி அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். கல்லூரிச் சுற்றுலாவில் போகிற வெளிநாட்டு ஊரின் மியூசியத்தில் முழுத் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது என்று தெரிந்ததும், அந்த வாக்குக்கு உயிர் வந்துவிட்டது.

கல்லூரி வகுப்பில் அக்காக்காரிக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். உயரம் அப்படி.

சுற்றுலாவின் கடைசி நாள். காலையிலிருந்து எதுவும் நகரவில்லை. மணிக்கூண்டின் முன் குழுப்படம். யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று மறுபடியும் ஒன்று. பாலத்தில் ஒருத்திக்கு வாந்தி. சாக்லேட் கடையில் மிஸ்ஸே தொலைந்துபோனார்.

"மிஸ், மியூசியத்தை மூடிடுவாங்க."

"மூடுனா என்னடி? செத்த மீன் எங்க ஓடிடப் போகுது?"

பஸ்ஸே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக நின்ற கடைத்தெருவில் கழிவறைக்குப் போய்த் திரும்பினாள். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. பஸ் நின்ற இடம் மட்டும் நனையாமல் வெளிறிக் கிடந்தது.

போனில் தோழியைப் பிடித்தாள். குரல் வளத்தால் மைக் என்று பெயர் வாங்கியவள்.

"ஐயோ, நீ பஸ்ல இல்லியா? மிஸ் நம்பர் கூப்பிட்டாங்க. பழக்கதோஷத்துல உனக்கும் சேத்து பிரசென்ட் சொல்லிட்டேன்டி!"

மூன்று வருடமாக வகுப்புக்குப் பிந்தி வருகிறவளுக்கு மற்றவள் குரல் கொடுப்பது அவர்கள் நட்பின் சட்டம். அது இங்கே வந்து கழுத்தை அறுத்தது.

போனை மிஸ் பிடுங்கிக்கொண்டார். "ஒருவழிப்பாதை, பஸ் திரும்பாது. மியூசியம் பக்கம்தான், நடந்து வா. வா, இருக்கு உனக்கு!"

நடந்தாள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் அதே சாவிக்கடை முன்னால்தான் கொண்டுவந்து விட்டது. மூன்றாம் முறை அழுகை முட்டியது. கடவுளே என்று நின்றுவிட்டாள். கடைக்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். பாஷை புரியவில்லை, போனில் இவள் காட்டிய மியூசியம் படம் புரிந்தது. ஆணியில் தொங்கிய ஒரே குடையை எடுத்து, இவளையும் அணைத்துக்கொண்டு தெருமுனைவரை வந்தாள். கையை நீட்டி வழி காட்டினாள். பிறகு குடையை இவள் கையில் திணித்துவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

மியூசியம் வாசலில் மிஸ் வரவேற்றார். "வந்தீங்களா மகாராணி? இன்னும் அரை மணிதான். பாத்துட்டு நேரா ஏர்போர்ட்."

எதிர்வரிசைக் கடைகளில் ஷட்டர் இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாவும் இந்நேரம் கடையைச் சாத்துவாள். மழையோ வலுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மிஸ் மேல், மைக் மேல், மழை மேல். கடைசியில் அந்த அம்மா மேலேயே. யார் கேட்டது இந்தக் குடையை? கொடுக்காமல் இருந்திருந்தால் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, நிம்மதியாக உள்ளே போயிருக்கலாமே.

"உள்ள வாடி!" என்று இழுத்தாள் மைக். அவள் கண் சிவந்திருந்தது.

"நீ போ. தலையிலேர்ந்து வால் வரைக்கும் வீடியோ எடு. இந்தத் தடவ எனக்குப் பதிலா வாயைக் குடுக்காத, கண்ணைக் குடு."

"நீ எங்க போற?"

"இங்கதான்."

மைக் உள்ளே போகும்வரை நின்றாள். பிறகு வந்த வழியே நடந்தாள். இப்போது சந்துகள் ஏமாற்றவில்லை.

சாவிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அந்த அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து கடைசிச் சாவியை ராவிக்கொண்டிருந்தாள், மெஷின் கிறீச்சிட்டது. ஒட்டடைக்குச்சி கூப்பிட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்துவிட்டால் மறுபடியும் தெருமுனைவரை கொண்டுவந்து விடாமல் அந்த அம்மா ஓயமாட்டாள்.

குனிந்து நுழைந்து, குடையை உதறி மடக்கி, ஆணியில் மாட்டினாள். மெஷின் ஓயும் முன் மழைக்குள் இறங்கி ஓடினாள்.